வன உரிமைச் சட்ட மனு: சட்டத்துக்கு முழு மதிப்பெண், நடைமுறைக்குப் பாதிகூட இல்லை

காட்டில் தலைமுறைகளாக வாழும் மக்களின் உரிமையை ஒப்புக்கொள்ளும் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் கீழ் மனுக் கொடுத்து நிலத்துக்கும் காட்டுக்கும் உரிமைப் பத்திரம் வாங்கும் முறையைப் பற்றிய மதிப்பீடு இது. சாதிச் சான்று, ரேஷன் கார்டு போல இதுவும் அரசு கொடுத்தாக வேண்டிய சேவைதான். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. மனுக் கொடுக்கச் சட்டத்தில் கடைசித் தேதி எதுவும் இல்லை. "தேதி முடிஞ்சு போச்சு" என்று எந்த அலுவலகத்தில் சொன்னாலும் அது தவறு. கிராம சபை மனுக்களை வாங்க விதி குறிப்பிடும் மூன்று மாத காலத்தை நீட்டிக்கும் அதிகாரம் அந்தச் சபைக்கே உண்டு.

இதில் ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குக்கிராமம் தானே கூடி, எல்லையை நடந்து, தீர்மானம் போட்டு மேலே அனுப்பிய மனுக்கள் தாமதமானாலும் நிற்கின்றன. அதிகாரிகள் படிவத்தைக் கட்டாகக் கொண்டுவந்து கைநாட்டு வாங்கிக்கொண்டு போன மனுக்கள்தான் கொத்தாகத் தள்ளுபடியாகின்றன. பழங்குடியினர் நல அமைச்சகம் நாடாளுமன்றத்தில் வைத்துவரும் கணக்கின்படி நாடு முழுவதும் 50 லட்சத்துக்கும் மேல் மனுக்கள் வந்திருக்கின்றன; ஏறக்குறைய பாதிக்குத்தான் பத்திரம் கிடைத்திருக்கிறது; 18 லட்சத்துக்கும் மேல் நிராகரிப்பு. மனு எந்தக் கட்டத்தில் விழுகிறது, ஏன் விழுகிறது என்று தெரிந்து வைத்துக்கொண்டால் பெரும்பாலானவற்றைத் தடுக்கலாம்.

நாடாளுமன்றம் இந்தச் சட்டத்தை எப்படி எழுதியது என்பது மனு எழுதுகிறவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் இன்றைக்கும் அலுவலகங்களில் சிலர் பழைய மசோதாவை மனதில் வைத்துத்தான் பேசுகிறார்கள். 2002 மே மாதம் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் "ஆக்கிரமிப்புகளை அகற்றுங்கள்" என்று மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியது. பல மாநிலங்களில் ஆதிவாசிக் குடிசைகள் பிரிக்கப்பட்டன. அந்தக் கொதிப்பிலிருந்து பிறந்த மசோதா 2005 டிசம்பர் 13 அன்று மக்களவைக்கு வந்தது. அதில் பழங்குடியினருக்கு மட்டுமே உரிமை, 1980 அக்டோபர் 25க்கு முன்பே நிலம் கைவசம் இருந்திருக்க வேண்டும், உச்சவரம்பு 2.5 ஹெக்டேர். கிஷோர் சந்திர தேவ் தலைமையிலான நாடாளுமன்றக் கூட்டுக்குழு 2006 மே மாதம் இதைப் புரட்டிப் போட்டது. இறுதிச் சட்டத்தில், நிலம் கைவசம் இருந்திருக்க வேண்டிய கெடு நாள் 2005 டிசம்பர் 13 ஆனது; பழங்குடி அல்லாத பிற பாரம்பரிய வனவாசிகளும் சேர்க்கப்பட்டார்கள்; உச்சவரம்பு 4 ஹெக்டேர், அதாவது கிட்டத்தட்ட 9 ஏக்கர் 88 சென்ட். மக்களவை 2006 டிசம்பர் 15 அன்றும், மாநிலங்களவை 18 அன்றும் நிறைவேற்றின. காலனி ஆட்சியிலும் சுதந்திர இந்தியாவிலும் இந்த மக்களுக்கு இழைக்கப்பட்ட வரலாற்று அநீதியைத் திருத்தவே இந்தச் சட்டம் என்று முகப்புரையிலேயே நாடாளுமன்றம் எழுதி வைத்தது. அதனால் இந்தப் பத்திரம் யாரும் இரங்கிக் கொடுக்கும் இனாம் அல்ல. ஏற்கெனவே இருக்கிற உரிமையை அரசு ஒப்புக்கொள்ளும் ஆவணம்.

தமிழ்நாட்டில் இது தாமதமாகத்தான் வந்தது. 2008இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவு பத்திரம் வழங்குவதை நிறுத்தி வைத்தது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. அதே ஆண்டு அக்டோபரில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, 2019 டிசம்பர் வரை தேர்தல் நடக்கவில்லை. கிராம சபைக்கு மேல் மனுவைப் பரிசீலிக்கும் உட்கோட்டக் குழுவிலும் மாவட்டக் குழுவிலும் தலா மூன்று உள்ளாட்சிப் பிரதிநிதிகள் உட்கார வேண்டும். அந்த நாற்காலிகள் காலியாக இருந்தால் குழுவில் அதிகாரிகள் மட்டுமே மிஞ்சுகிறார்கள்.

மனு மூன்று வகை. ஏ படிவம் தனிநபர் உரிமைக்கு: குடியிருப்பும் சொந்தச் சாகுபடியும். பி படிவம் சமூக உரிமைக்கு: மேய்ச்சல், மீன்பிடிப்பு, சிறு வனப்பொருள் சேகரிப்பு போன்றவை. சி படிவம் சமூக வன வளத்துக்கு: ஊரின் மரபு எல்லைக்குள் இருக்கும் காட்டையே பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் உரிமை. சட்டத்தின் உயிர் இருப்பது இந்த மூன்றாவதில்தான், ஆனால் எல்லாரும் ஓடுவது முதலாவதற்கு. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மேந்தா லேகா கிராமம் 2009இல் சுமார் 1,800 ஹெக்டேர் காட்டுக்குச் சமூக உரிமை வாங்கி, 2011 முதல் மூங்கிலைத் தானே விற்கிறது. ஒரு குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் கிடைப்பதால் அந்தக் குடும்பம் வெளியேற்றத்திலிருந்து தப்பிக்கும். காடு கிராம சபையின் கைக்கு வந்தால் தேன், கடுக்காய், நெல்லி, சீமார் புல், கல்பாசி என எல்லாவற்றுக்கும் விலை பேசும் இடத்தில் ஊர் நிற்கும். ஆகவே மூன்று படிவங்களையும் ஒரே நேரத்தில் கொடுங்கள். ஒன்றுக்காக ஒன்றைத் தள்ளிப்போட வேண்டாம்.

எந்தக் கிராம சபை?

மனு முதலில் இடறுவது இங்கேதான். பழங்குடிப் பகுதிகளுக்கு அரசியலமைப்பு தனி ஏற்பாடு செய்யும் ஐந்தாவது அட்டவணைப் பகுதி எதுவும் தமிழ்நாட்டில் இல்லை. அதனால் கிராம சபை என்றாலே ஊராட்சி முழுவதையும் சேர்த்த சபை என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஓர் ஊராட்சியில் பத்துப் பதினைந்து குக்கிராமங்கள், ஆயிரக்கணக்கான வாக்காளர்கள். அவர்களில் காட்டோரம் இருக்கும் இருளர் பதியோ காட்டுநாயக்கர் பாடியோ ஒரு மூலை. விதிப்படி கூட்டத்துக்கு உறுப்பினர்களில் பாதிப்பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும். மனுக்கள் மீது தீர்மானம் போடும் கூட்டத்தில் மனுதாரர்களிலோ அவர்களின் பிரதிநிதிகளிலோ பாதிப்பேர் இருந்தாக வேண்டும். ஊராட்சி அளவில் இது நடக்கவே நடக்காது. ஜனவரி 26, மே 1 சபைகளில் இருபது பொருள்களுக்கு நடுவே வன உரிமை ஒரு வரியாகப் போய்விடும். அந்தச் சபைக்கான வருகை விதியும் வேறு. பிறகு உட்கோட்டக் குழு "கோரம் இல்லை" என்று ஒரே காரணத்தால் மொத்தக் கட்டையும் திருப்பிவிடும்.

இதற்கு மாற்று 2012 செப்டம்பர் 6 திருத்த விதிகளில் இருக்கிறது. விதி 2ஏ, ஊராட்சி தன் எல்லையில் உள்ள குக்கிராமங்கள், சர்வேயில் ஏறாத குடியிருப்புகள், வன கிராமங்கள் அத்தனையையும் பட்டியலிட்டுத் தீர்மானமாக அனுப்ப வேண்டும் என்கிறது. இந்தப் பட்டியலில் உங்கள் பதி பெயர் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏறாவிட்டால் வேறெதையும் தொடங்காமல் இதற்கு மட்டும் ஒரு விண்ணப்பம் எழுதி, ஊராட்சியிலும் வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) அலுவலகத்திலும் கொடுத்து முத்திரையுடன் ஒப்புகை வாங்குங்கள். குக்கிராம அளவில் கூடினால் அறுபது பேரில் முப்பது பேர் வருவது கடினமே இல்லை.

முதல் கூட்டத்தில் வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 10 முதல் 15 பேர். மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர். பெண்கள் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. வனத்துறை அமைத்த கிராம வனக் குழுவை அப்படியே பெயர் மாற்றி வைப்பது பல இடங்களில் நடந்திருக்கிறது. அது செல்லாது. மினிட்ஸ் நோட்டில் கூட்டம் நடந்த இடம், நேரம், மொத்த உறுப்பினர் எண்ணிக்கை, வந்த ஆண்கள், வந்த பெண்கள் எல்லாவற்றையும் தனித்தனி வரியில் எழுதி, கையெழுத்தும் கைநாட்டும் அதே பக்கத்தில் தொடங்கும்படி வாங்குங்கள். கையெழுத்துத் தாளைத் தனியாக இணைத்தால், எந்தக் கூட்டத்துக்கு உரியது என்ற சந்தேகத்தைக் கிளப்ப அதுவே போதும்.

சான்றுகள்

ஒவ்வொரு மனுவுக்கும் விதி 13இல் உள்ளவற்றில் குறைந்தது இரண்டு வேண்டும். வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது ஒரு வகை. சர்வே, செட்டில்மென்ட் அறிக்கை, கெசட்டியர், வரைபடம் இன்னொரு வகை. நிலத்தில் இருப்பவையும் சான்றுதான்: வீடு, வரப்பு, சமன்படுத்திய நிலம், தடுப்பணை. கிணறு, இடுகாடு, கோயில் கல் போன்ற பழைய அடையாளங்களும் செல்லும். மனுதாரர் அல்லாத பெரியவர் ஒருவரின் வாக்குமூலத்தை எழுத்தில் வாங்கினால் அதுவும் ஒரு சான்று. பத்துப் பேருக்கும் ஒரே வாசகத்தை நகலெடுத்து ஒட்டினால் அந்த வாக்குமூலத்துக்கு மதிப்பிருக்காது. "ஓடைக்கு மேற்கே, ரெண்டு வேங்கை மரத்துக்கு நடுவில் இருக்கும் ராகிக் காட்டை இவருடைய அப்பா உழுததை நான் பார்த்திருக்கிறேன்" என்கிற மாதிரி, அந்த நிலத்துக்கு மட்டுமே பொருந்தும் அடையாளத்தோடு இருக்க வேண்டும்.

வனத்துறை முன்பு போட்ட அபராத ரசீதையும் வழக்கையும் கண்டு பயந்து மறைக்க வேண்டியதில்லை. 1990களில் "அத்துமீறி உழுதார்" என்று ஒரு ரசீது இருந்தால், அன்றைக்கே அவர் அந்த மண்ணில் இருந்தார் என்பதற்கு அரசே கொடுத்த சாட்சி அது. இப்படிப்பட்ட ரசீதையோ ஆக்கிரமிப்பாளர் பட்டியலையோ மட்டும் காரணமாக வைத்து மனுவைத் தள்ளக் கூடாது என்று விதி 12ஏ தெளிவாகச் சொல்கிறது. செயற்கைக்கோள் படமும் அப்படியே. அது மற்றச் சான்றுகளுக்குத் துணை நிற்கலாம், அவற்றின் இடத்தைப் பிடிக்க முடியாது. மரத்தடியில் விளையும் காப்பியும் மிளகும், விட்டு விட்டுப் பயிரிடும் சிறு தானிய நிலமும் மேலிருந்து பார்த்தால் காடாகவே தெரியும். படத்தை மட்டும் வைத்துத் தள்ளுபடி செய்த குஜராத் அரசுக்கு 2013இல் அந்த மாநில உயர் நீதிமன்றமே கண்டனம் தெரிவித்து மறு ஆய்வுக்கு உத்தரவிட்டது.

பழங்குடி அல்லாதவர்கள் மூன்று தலைமுறை, அதாவது கெடு நாளுக்கு முந்தைய 75 ஆண்டுகள், 1930 டிசம்பருக்கு முன்பிருந்தே காட்டைச் சார்ந்து வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். ஈரோடு மாவட்ட மலைகளில் வாழும் மலையாளி மக்களுக்கு இது நேரடியாக வந்து மோதும் சிக்கல். சேலம், தருமபுரியில் பழங்குடிப் பட்டியலில் இருக்கும் அதே மக்கள் ஈரோட்டில் பட்டியலுக்கு வெளியே நிற்கிறார்கள். அவர்கள் செய்ய வேண்டியது: 75 ஆண்டுச் சான்றை ஊருக்கே ஒன்றாகச் சேர்த்துக் கிராம சபைத் தீர்மானத்தோடு இணைப்பது. 75 ஆண்டு என்பது அந்தப் பகுதியில் வாழ்ந்ததற்குத்தான். கேட்கும் அந்தத் துண்டு நிலத்தை 75 ஆண்டுகள் உழுதிருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. இதைக் குழப்பித்தான் இந்த வகை மனுக்களைப் பெருமளவில் தள்ளுகிறார்கள்.

அளவும் வரைபடமும்

ஏ படிவத்தில் குடியிருப்புக்கு எவ்வளவு, சாகுபடிக்கு எவ்வளவு என்று இரண்டு கட்டம் இருக்கிறது. இரண்டையும் கூட்டி ஒன்றில் எழுதிவிட்டால் வீட்டு மனை பத்திரத்தில் வராமல் போகும். ஏக்கரில் எழுதினால் பக்கத்திலேயே ஹெக்டேரிலும் எழுதுங்கள்: 1 ஹெக்டேர் 2.47 ஏக்கர். கணவன் மனைவி இருவர் பெயரும் வேண்டும், பத்திரம் கூட்டாகத்தான் வர வேண்டும் என்பது சட்டம். மனைவி பெயருக்கான கட்டத்தைக் காலியாக விட்ட மனுவில் பின்னால் பெயர் சேர்ப்பது பெரும்பாடு.

அளக்கும்போது கைபேசி ஜிபிஎஸை மட்டும் நம்ப வேண்டாம். மர நிழலில் பல மீட்டர் தள்ளிக் காட்டும். 50 சென்ட் நிலம் என்பது ஏறத்தாழ 45 மீட்டருக்கு 45 மீட்டர்; ஒரு பக்கத்தில் 5 மீட்டர் உள்ளே விழுந்தாலே ஐந்தரை சென்ட் போய்விடும். ஒவ்வொரு மூலையிலும் எண் நிலைக்கும்வரை நின்று குறித்துக்கொண்டு, அதே மூலைகளை டேப் பிடித்தும் அளந்து, இரண்டையும் தாளில் எழுதுங்கள். குழு நேரில் பார்க்கும் நாளை வனத்துறைக்கும் வருவாய்த்துறைக்கும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பாரஸ்ட் கார்டோ பாரஸ்டரோ வி.ஏ.ஓ.வோ வந்தால் பெயர், பதவி, தேதி, கருத்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அவர்கள் கடமை. வராவிட்டால் "தகவல் கொடுத்தும் வரவில்லை" என்று மினிட்ஸில் எழுதி, தகவல் கொடுத்த கடிதத்தின் ஒப்புகையை ஒட்டி வையுங்கள். நாங்கள் இல்லாமல் அளந்தார்கள் என்று பிறகு ஆட்சேபம் எழுந்தால், மனு மறு ஆய்வுக்காகக் கிராம சபைக்குத்தான் திரும்ப வேண்டும், தள்ளுபடிக்குப் போகக் கூடாது.

சி படிவத்துக்கு முழு சர்வே தேவையில்லை. ஓடை, பாறை, கோயில், தேன் எடுக்கும் பாறை, மேய்ச்சல் தடம் இவற்றைக் குறித்து மரபு எல்லையைக் காட்டும் வரைபடம் போதும். காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து வனத்துறை இடும் கம்பார்ட்மென்ட் எண்ணைக் கேட்கும் இடத்தில் "இருந்தால், தெரிந்தால்" என்று படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறது. எண் இல்லை என்று திருப்பினால் அந்த வரியைச் சுட்டிக்காட்டி மறுபடியும் கொடுங்கள். பக்கத்து ஊர் எல்லையோடு உரசல் இருந்தால் இரண்டு ஊர்க் குழுக்களும் சேர்ந்து உட்கார்ந்து முடிவை எழுதிவிட வேண்டும். இதை விட்டுவிட்டால் மேலே போன பிறகு இரண்டு மனுவும் முடங்கும். சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்று சொல்லிச் சி படிவத்தை வாங்க மறுப்பதும் தவறு. சட்டத்தின் வரையறையில் இவை எல்லாமே வன நிலம்தான். முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் மனுக் கொடுக்க எந்தத் தடையும் இல்லை.

மேலே போன பிறகு

கிராம சபைத் தீர்மானம் ஆர்.டி.ஓ. அல்லது சப்-கலெக்டர் தலைமையிலான உட்கோட்டக் குழுவுக்கும், அங்கிருந்து கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கும் போகும். இறுதி முடிவு மாவட்டக் குழுவுடையது. குறை இருந்தால் மனுவைத் தள்ளாமல் கிராம சபைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். கிராம சபையோ உட்கோட்டக் குழுவோ நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் சொல்லி மனுதாரரிடம் நேரில் சேர்க்க வேண்டும். அப்போதுதான் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய முடியும்.

இந்தச் சேவையின் மிகக் கேவலமான பகுதி இதுதான். "தகுதியில்லை", "ஆதாரம் இல்லை" என்ற ஒற்றைச் சொல் ஒரு பட்டியலில் நூறு பெயருக்கு எதிரே ஒரே மாதிரி எழுதப்படுகிறது. மனுதாரருக்குக் கடிதமே வருவதில்லை. 2019 பிப்ரவரி 13 அன்று, நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோது பத்து லட்சத்துக்கும் அதிகமான குடும்பங்கள் நடுங்கிப் போயின. பிப்ரவரி 28 அன்று அந்த உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. நிராகரிப்பில் முறை கடைப்பிடிக்கப்பட்டதா என்ற கேள்வி அப்போதுதான் மாநிலங்களின் முன் வைக்கப்பட்டது. பதில் வராத மனுவுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இரண்டு விஷயம் கேளுங்கள்: உட்கோட்ட, மாவட்டக் குழுக் கூட்டக் குறிப்பின் நகல், நிராகரிப்பு ஆணையை நேரில் கொடுத்ததற்கான ஒப்புகை. ஒப்புகை இல்லையென்றால் 60 நாள் ஓடத் தொடங்கவே இல்லை என்று வாதிட இடம் உண்டு. ஆய்வு முடியும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது என்று 4(5) பிரிவு சொல்கிறது. அதன் நகல் ஒவ்வொரு பதியிலும் இருப்பது நல்லது.

சி படிவத்தைக் கிடப்பில் போட்டால் விதி 12பி கைகொடுக்கும். வனவாசிகள் வாழும் எல்லாக் கிராமங்களிலும் சமூக வன வள உரிமை வழங்கப்படுவதை மாவட்டக் குழு உறுதிசெய்ய வேண்டும், வழங்காவிட்டால் அதற்கான காரணத்தைக் குழுவின் செயலர் பதிவு செய்ய வேண்டும். "காரணத்தின் நகல் வேண்டும்" என்று கேட்டு எழுதுங்கள். மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்தியுள்ள தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்ற ஆறு சமூகங்களுக்கு, மரபாக வாழ்ந்துவரும் மொத்தப் பரப்புக்குமான வாழ்விட உரிமையும் உண்டு. மத்தியப் பிரதேசத் திண்டோரியில் பைகா மக்கள் அதை வாங்கியிருக்கிறார்கள்.

நாடாளுமன்றம் ஒரு கையால் கொடுத்ததை இன்னொரு கை தளர்த்துகிறது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. ஒடிசாவின் நியமகிரி மலையில் 2013இல் பன்னிரண்டு கிராம சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்று சொன்னபோது அந்தச் சொல் நின்றது. 2022 வனப் பாதுகாப்பு விதிகள், காட்டை வேறு பயனுக்குக் கொடுக்க மத்திய அரசு அனுமதிக்கும் முன்பே கிராம சபையின் ஒப்புதல் வேண்டும் என்ற வரிசையைக் குலைத்தன. தேசியப் பழங்குடியினர் ஆணையமே ஆட்சேபித்தது. 2023இல் வனப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம் இரு அவைகளிலும் நிறைவேறியது. கூட்டுக்குழுவுக்குப் போன அந்த மசோதா ஒரு மாற்றமும் இல்லாமல் திரும்பி வந்தது. 2006 கூட்டுக்குழு செய்த வேலையோடு ஒப்பிட்டால் மனம் வேதனைப்படுகிறது. சி படிவப் பத்திரம் கையில் உள்ள ஊர் இப்படியொரு திட்டம் வரும்போது உறுதியாக நிற்கும். மனுவே கொடுக்காத ஊரின் குரலைக் கோப்பில் தேடினாலும் கிடைக்காது.

பத்திரம் வந்தவுடன் வேலை முடிந்துவிடாது. அது விற்க முடியாத, வாரிசுக்குப் போகும் உரிமை. வழக்கமான பட்டா அல்ல என்பதால் வங்கியிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் முதலில் தடுமாறுவார்கள். சிறு வனப்பொருளுக்கு வனத்துறைக்கு எந்தக் கட்டணமும் தர வேண்டியதில்லை. அதை வெளியே கொண்டுபோகப் போக்குவரத்துச் சீட்டுக் கொடுப்பது கிராம சபையின் குழு. ரேஞ்சர் செக்போஸ்டில் நிறுத்தினால் அந்தச் சீட்டையும் பத்திர நகலையும் காட்டுங்கள். பத்திரம் வழங்கிய மூன்று மாதத்துக்குள் வருவாய், வனப் பதிவேடுகள் இரண்டிலும் உரிமை ஏற வேண்டும். தானாக ஏறும் என்று காத்திருக்காமல் மூன்றாம் மாதம் முடிந்ததும் தாலுகா அலுவலகத்திலும் ரேஞ்ச் அலுவலகத்திலும் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். இரு துறையும் சேர்ந்து தயாரிக்கும் இறுதி வரைபடத்தின் நகலையும் வாங்கி, பரப்பளவும் எல்லை அடையாளங்களும் கிராம சபை அனுப்பிய வரைபடத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். குறைந்திருந்தால், குறைத்ததற்கான காரணத்தைக் கேட்டு அன்றே மாவட்டக் குழுவுக்கு மனுக் கொடுங்கள்.